ஊசிப்போன சுட்டி

டிஸ்கி: இது ஒரு பொட்டி தட்டுற ஆளோட புலம்பல். நடுவுல நாலஞ்சு பத்தி கணினிச் சமாச்சாரம் வரும். அது ஆகாதவங்க நேரா குற்றாலத்துக்குத் தாவிரலாம். அங்கயும் நான் மானம் போயித்தான் நிக்கிறேன், ஏமாத்த மாட்டேன்.

தென்காசியில உக்காந்துக்கிட்டு சாஃப்ட்வேர் வேலைன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "மத்தளம்பாறையா தம்பி?" 2011ல ஜோஹோ இந்தப் பக்கம் ஆபீஸ் போட்டதுல இருந்து இப்படித்தான். "இல்ல அண்ணாச்சி, வேற கம்பெனி, வீட்டுல இருந்தே வேலை"ன்னு சொன்னா அடுத்த கேள்வி, "அப்போ இப்ப வேலை இல்லையா?" 2020ல கொரோனாவுக்கு ரெண்டு பெட்டியோட ஊருக்கு வந்தவன், அப்படியே தங்கிட்டேன். மாடி ரூம்ல ஜன்னலைத் திறந்தா கோயில் கோபுரம் தெரியும். சீசன்ல சாரல் மானிட்டர் மேலயே விழும்.

எங்க கம்பெனி பேரு வேண்டாம். சின்ன கம்பெனி. ஸ்கேன் சென்டர்கள்ல எடுக்குற அல்ட்ராசவுண்ட் படங்களை டாக்டர் கம்ப்யூட்டர்ல திறந்து பாத்து, அளந்து, ரிப்போர்ட் எழுதுறதுக்கு ஒரு மென்பொருள். அதுல படம் வரையிற பகுதி என்னோடது. 2016ல நான் எழுதினது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்குத்தான் அடி விழப் போகுது.

2024 ஜூலை. ஒரு வெள்ளிக்கிழமை காலைல எல்லாரும் ஃபோன்ல கூடுற அந்த வழக்கமான மீட்டிங். மேனேஜர் குரல்லயே தெரிஞ்சுபோச்சு, நல்ல சேதி இல்லன்னு. ஒரு ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா புகார் அனுப்பியிருக்காங்க. ஒரு பேஷண்டுக்கு சிறுநீரகக் கல். நம்ம மென்பொருள்ல அளந்தா 9 மி.மீ. மூடிட்டு மறுபடி திறந்து அளந்தா 6 மி.மீ. அதே படம், அதே கல்லு.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். 5 மி.மீ.க்கு உள்ள இருக்குற கல்லு பெரும்பாலும் தண்ணி குடிச்சே போயிரும். 10ஐத் தாண்டிட்டா தானா போறது கஷ்டம், மேற்கொண்டு என்ன செய்யலாம்னு பேச்சு வந்துரும். எங்க அம்மாவுக்கு முன்னாடி ஒரு தடவை கல்லு இருந்துச்சு. டாக்டர் சொன்ன மி.மீ. கணக்கைத்தான் ஒரு மாசம் பூரா வீட்டுல பேசிக்கிட்டு இருந்தோம். நம்பர் ரெண்டு கூடியிருந்தா தூக்கம் போயிருக்கும். அன்னைக்கு மீட்டிங் முடிஞ்சதும் நான் செஞ்ச முதல் காரியம், பீரோவைத் திறந்து அம்மாவோட பழைய ஃபிலிம் கவரைத் தேடினதுதான். எங்க மென்பொருள் இல்ல. வெக்கம் கெட்டதனமா ஒரு நிம்மதி.

சரி, மீட்டிங்குக்கு வருவோம். மேனேஜர் "கிட் பிளேம்" போட்டுப் பாத்திருக்காரு. தெரியாதவங்களுக்கு: ஒரு நிரல்ல எந்த வரியை கடைசியா யாரு தொட்டாங்கன்னு பேரோட காட்டுற கட்டளை அது. (பேரு வச்சவன் வாய்ல சர்க்கரை போடணும்.) அந்த ஃபைல் பூரா ஒரே பேரு. புதுசா சேந்த பொண்ணு பேரு. கோவில்பட்டிக்காரப் பொண்ணு, சேந்து நாலு மாசம்தான். "நீங்கதான் கடைசியா மாத்தியிருக்கீங்க, என்னன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு மேனேஜர் சொல்ல, அது "சரிங்க சார்"னுச்சு. குரல் தந்தி அடிச்சுது.

அந்தப் பொண்ணு செஞ்சது என்னன்னு எனக்குத் தெரியும். சேந்த முதல் வாரம், கோடை ஒழுங்குபடுத்துற கருவியை எல்லா ஃபைல் மேலயும் ஓட்டச் சொல்லியிருந்தாங்க. அது இடைவெளியை மட்டும் மாத்தும், லாஜிக்ல கை வைக்காது. ஆனா வரிக்கு வரி பேரு மாறிரும். அந்த ஃபைல் நான் எழுதினதுங்கறதும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. மைக் மியூட்ல இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். முதல்ல என்னன்னு பாப்போம், பிறகு சொல்லிக்கலாம்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணுகிட்ட இருந்து மெசேஜ்: "அண்ணா, அந்த ஃபைல் உங்களுக்குப் பழக்கமா? எனக்கு ஒண்ணுமே புரியல." நான் போட்ட பதில்: "திங்கக்கிழமை பாப்போம்மா." இதை டைப் பண்ணும்போதுகூட கூசுது.

ஞாயித்துக்கிழமை மச்சினன் வந்தான். "அத்தான், சாரல் அள்ளுது, வாங்க ஒரு முங்கு போட்டுட்டு வருவோம்"னு இழுத்துட்டுப் போயிட்டான். பேரருவில தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுதுன்னு குளிக்க விடல. அந்த வருஷம் மே 17ல பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் உசுரு போச்சே, அதுக்குப் பிறகு தண்ணி லேசா நிறம் மாறினாலே எங்களுக்கெல்லாம் கண்ணு மேலதான் போகும். அதனால ஐந்தருவி. வரிசைன்னா வரிசை, அப்படி ஒரு வரிசை. ஒரு கூட்டத்தை உள்ள விடுவாங்க, கொஞ்ச நேரத்துல விசில், அவங்க வெளிய, அடுத்த கூட்டம் உள்ள.

துணிப் பையை எங்க வைக்க? ஓரமா ஒரு பெரியவர், தோள்ல செவப்புத் துண்டு, கால் வலின்னு குளிக்காம உக்காந்திருந்தாரு. அவர் பக்கத்துல எங்க மஞ்சப்பையை வச்சோம். "பாத்துக்கோங்க ஐயா." "வச்சுட்டுப் போங்கய்யா." மச்சினன் எங்கிட்ட சொன்ன அடையாளம்: "அத்தான், மூணாவது தூணு, செவப்புத் துண்டுப் பெரியவர், மஞ்சப்பை. மறந்துராதீங்க."

குளிச்சு முடிச்சு வந்தேன். மூணாவது தூணு இருக்கு. செவப்புத் துண்டுப் பெரியவர் இருக்காரு. மஞ்சப்பை இருக்கு. ஈரத்தோட பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்துத் தலையைத் துவட்டினேன். பெரியவர் நிதானமா, "எய்யா, அது எங்க வீட்டு மாப்பிள்ளை சட்டை"ன்னாரு. நிமிந்து பாத்தா ஆளு வேற! முன்னாடி இருந்தவர் அவங்க கூட்டம் வந்ததும் கிளம்பிப் போயிருக்காரு. போறப்ப எங்க பையைப் பொறுப்பா எதிர்க்க இருந்த பழக்கடைல கொடுத்துட்டுப் போயிருக்காரு. காலியான இடத்துல இவர் வந்து உக்காந்திருக்காரு. செவப்புத் துண்டு அங்க இருக்குற பாதிக் கடைல விக்குது, மஞ்சப்பை கேக்கவே வேண்டாம். பழக்கடைக்காரர் ரம்புட்டானுக்கு நடுவுல இருந்து எங்க பையை எடுத்துக் கொடுத்தாரு. மச்சினன் சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல.

இந்த இடத்துல "அருவித் தண்ணி தலைல விழுந்ததும் பளிச்னு விடை கிடைச்சது"ன்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும். ஒண்ணும் கிடைக்கல. பசிதான் வந்துச்சு. பார்டர்ல போயி ஆளுக்கு நாலு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்னுட்டு வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன்.

திங்கக்கிழமை காலைல கதவைச் சாத்திட்டு உக்காந்தேன்.

இப்ப கொஞ்சம் கணினி. டாக்டர் ஒரு பேஷண்ட் படத்தைத் திறந்தா, அந்தப் படத்துக்குன்னு ஒரு "கான்டெக்ஸ்ட்" உருவாகும். எந்தப் படம், எவ்வளவு பெருசு, ஒரு பிக்சல்னா எத்தனை மி.மீ., எல்லாம் அதுல இருக்கும். அந்த மி.மீ. கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒல்லியான உடம்புன்னா கருவி கொஞ்ச ஆழம் பாத்தா போதும், பருத்த உடம்புன்னா இன்னும் ஆழமாப் பாக்கணும், அதுக்குத் தக்க ஒரு பிக்சலோட அளவும் மாறிரும். ஒரு ஜன்னல்ல இருந்து இன்னொரு ஜன்னலுக்குப் போறப்ப பழைய கான்டெக்ஸ்டை எறக்கி வச்சுட்டு புதுசை ஏத்தணும். ஐந்தருவி விசில் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

இப்படி ஏத்தி இறக்குறது செலவு பிடிச்ச வேலை. 2016ல ஸ்கேன் சென்டர்கள்ல இருந்த பல பொட்டிகள் ஓட்டை உடைசல், படம் மினுக்கும். அதனால நான் ஒரு குறுக்கு வழி போட்டேன். கடைசியா ஏத்தின கான்டெக்ஸ்டோட முகவரியை ஒரு சுட்டில குறிச்சு வச்சுக்கறது. இப்ப கேக்குறதும் அதே முகவரின்னா, ஏற்கனவே ஏத்தியாச்சுன்னு அர்த்தம், ஒண்ணும் செய்யாம திரும்பிரு. ரெண்டே வரி. மினுக்குறது நின்னுபோச்சு. அப்ப எனக்கு ட்ரீட்டெல்லாம் வச்சாங்க.

அதுல ஓட்டை எங்கன்னா: டாக்டர் ஒரு பேஷண்டை மூடினா அந்தக் கான்டெக்ஸ்ட் இருந்த நினைவகத்தை விடுவிச்சிருவேன். ஆனா "கடைசியா ஏத்தினது"ங்கற சுட்டில அதே முகவரி அப்படியே கிடக்கும். வச்சு மறந்த சாம்பார் மாதிரி ஊசிப்போயி.

இதை எங்க பாஷைல ஸ்டேல் பாயின்டர்னு சொல்லுவாங்க. சுட்டின்னு தமிழ்ல எழுதினா நம்ம மக்கள் இணைப்புன்னு நெனச்சு க்ளிக் பண்ணுவாங்க, வம்பு. இந்த ஜாதிப் பிழைகளுக்கு ஊரறிஞ்ச கெட்ட பேரு. குரோம் உலாவியில சிக்குன கடுமையான பாதுகாப்புப் பிழைகள்ல 70 சதவீதம் நினைவகக் கோளாறு, அதுல பாதி விடுவிச்ச இடத்தைத் திரும்பத் தொடுறதால வர்றதுன்னு 2020ல அந்தக் குழுவே எழுதினாங்க. அதனால எனக்கும் முதல் சந்தேகம் அங்கதான். அட்ரஸ் சானிடைசர்னு ஒரு கருவி இருக்கு. விடுவிச்ச இடத்தை எவன் தொட்டாலும் கையும் களவுமாப் பிடிச்சிரும். அதைப் போட்டு ஓட்டினேன். ஒண்ணுமில்ல. வால்கிரைண்ட் போட்டேன். சுத்தம். அதைவிடக் கொடுமை, அந்தக் கருவிகளோட ஓட்டினா கல்லோட அளவு எப்பவும் சரியா 6 மி.மீ. வருது! கருவியை எடுத்தா, எப்பயாச்சும் ஒரு தடவை 9.

மத்தியானம் அம்மா சோறு கொண்டுவந்து வச்சது, ஆறி, எடுத்துட்டுப் போனது எதுவும் ஞாபகம் இல்ல.

சாயங்காலம் கருவியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, பாட்டன் காலத்து வழி. கான்டெக்ஸ்ட் பிறக்குறப்ப அதோட முகவரியை பிரின்ட் பண்ணு, சாகுறப்ப பிரின்ட் பண்ணு. முதல் பேஷண்டைத் திறந்தேன், மூடினேன். ரெண்டாவது பேஷண்டைத் திறந்தேன். முகவரியைப் பாத்தேன். ஒரு இலக்கம்கூட மாறாம அதே முகவரி.

மூணாவது தூணு, செவப்புத் துண்டு, மஞ்சப்பை. தனியா உக்காந்து சத்தமா சிரிச்சேன். அம்மா கீழ இருந்து "யாரு வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க.

விஷயம் இதுதான். நான் செத்த கான்டெக்ஸ்டைத் தொடவே இல்ல. முகவரியை மட்டும் ஒப்பிட்டுப் பாத்தேன். விடுவிச்ச இடத்துலயே புது கான்டெக்ஸ்ட் வந்து உக்காந்துருச்சு. முகவரி ஒண்ணு, அதனால ஆளும் ஒண்ணுதான்னு என் குறுக்கு வழி நெனச்சு, புது மி.மீ. கணக்கை ஏத்தாம விட்டுருச்சு. படம் புது பேஷண்டோடது, அளவுகோல் பழைய பேஷண்டோடது. தொட்டாத்தான சானிடைசர் பிடிக்கும்? அதோட, அந்தக் கருவிகள் விடுவிச்ச இடத்தை உடனே யாருக்கும் கொடுக்காம ஒதுக்கி வைக்கும். சானிடைசர் சாதாரணமா 256 எம்பி வரைக்கும், வால்கிரைண்ட் 2 கோடி பைட் வரைக்கும். அந்தப் பெரியவர் எந்திரிச்ச இடத்துல கயிறு கட்டி யாரையும் உக்கார விடாத மாதிரி. திருடனைப் பிடிக்க வச்ச போலீசாலயே திருடன் வராம இருந்திருக்கான்.

சி மொழித் தரத்துலயே, ஒரு பொருளோட ஆயுள் முடிஞ்சா அதைக் காட்டுன சுட்டியோட மதிப்பு எதுன்னு சொல்ல முடியாததாயிரும்னு எழுதி வச்சிருக்காங்க. ஒப்பிட்டுப் பாக்குறதே தப்பு. 2022ல வந்த ஜிசிசி 12ல இந்த மாதிரி ஒப்பீட்டுக்கும் எச்சரிக்கை கொடுக்க ஒரு வசதி இருக்கு. ஆனா நான் விடுவிக்கிறது ஒரு ஃபைல்ல, ஒப்பிடுறது இன்னொரு ஃபைல்ல, அதுக்கு எங்க எட்டப்போகுது.

அப்போ எட்டு வருஷமா ஏன் மாட்டல? இதுதான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்னை உக்கார வச்சுது. அந்த வருஷம்தான் சென்டர்கள்ல இருந்த பழைய உபுண்டு 16.04ஐ 22.04க்கு மாத்தியிருந்தோம். பழசுல இருந்த ஜி-லிப்-சி 2.23. புதுசுல 2.35. நடுவுல 2017ல வந்த 2.26ல நினைவகம் பங்கு போடுற முறைல டி-கேஷ்னு ஒண்ணு சேத்தாங்க. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சின்னச் சின்னத் துண்டுகளுக்குத் தனி அலமாரி. கடைசியா வச்சதை முதல்ல எடுத்துக் கொடுக்கும். முன்னாடியெல்லாம் என் கான்டெக்ஸ்ட் அளவுத் துண்டை விடுவிச்சா பக்கத்துத் துண்டோட ஒட்டி, வெட்டி, வேற எங்கயோ போயிரும். இப்ப அதே அளவு கேட்டா அந்தத் துண்டையே சுடச்சுடத் திருப்பிக் கொடுக்குது. வேகத்துக்காக அவங்க செஞ்சது, வேகத்துக்காக நான் செஞ்ச ஓட்டைல வந்து சரியாப் பொருந்தியிருக்கு. அவங்க மேல தப்பே இல்ல.

இன்னொண்ணு. ஒரு பேஷண்டை மூடாம அடுத்ததைத் திறந்தா இந்தப் பிழை வராது. நான் எப்பவும் ரெண்டு மூணு ஜன்னலைத் திறந்து போட்டே சோதிக்கிற சோம்பேறி. பாதி டாக்டர்களும் அப்படித்தான். அந்த டாக்டரம்மா ஒரு பேஷண்டை முழுசா முடிச்சு, மூடி, பிறகு அடுத்தவரைத் திறக்குறவங்க. ஒழுங்கா வேலை பாக்குறவங்களுக்குன்னே வச்ச கண்ணி மாதிரி ஆயிப்போச்சு. ரெண்டு பேஷண்டும் ஒரே மாதிரி உடம்புவாகா இருந்திருந்தா அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.

தீர்வு சின்னது. ஒவ்வொரு கான்டெக்ஸ்டுக்கும் பிறக்கும்போதே ஒரு வரிசை எண், 64 பிட், ஒரு தடவை கொடுத்த எண்ணைத் திரும்பக் கொடுக்குறதில்ல. முகவரிக்குப் பதிலா அந்த எண்ணை ஒப்பிடு. அழிக்கிறப்ப "கடைசியா ஏத்தினது"ல அந்த ஆள் இருந்தா அதையும் காலி பண்ணு. ஈஜிஎல் தரத்துல இதை முன்னாடியே யோசிச்சிருக்காங்க. ஒரு கான்டெக்ஸ்ட் எங்கயாச்சும் நடப்புல இருந்தா, அழிக்கச் சொன்னாலும் நடப்பை விட்டு இறங்குற வரைக்கும் உசுரோட வச்சிருக்கும். அதுக்கு மேல நான் கட்டின கொட்டகைலதான் ஒழுகல்.

செவ்வாக்கிழமை விடியக்காலைல "கிட் பிளேம்"ஐ இன்னொரு தடவை போட்டேன், இந்தத் தடவை டபிள்யூ சேத்து. இடைவெளி மாத்தினதைக் கணக்குல எடுக்காம, உண்மையா எழுதினது யாருன்னு காட்டும். அந்த ரெண்டு வரிக்கும் நேர என் பேரு, 2016. மேல ஒரு கமென்ட் வேற, "வேகத்துக்காக, தொடாதே"ன்னு. அதைப் படம் பிடிச்சு, என்ன நடந்ததுன்னு எழுதி, இது என் பிழை, அந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தமே இல்லன்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன். மேனேஜர் கூப்பிட்டாரு. திட்டல, அதுவே பெருசு. எல்லா சென்டருக்கும் அன்னைக்கே சொல்லியாச்சு. ஒரு படத்தை மூடினதும் அடுத்ததைத் திறந்து அளந்த ரிப்போர்ட்டுகளை லாக்ல தேடி எடுத்து, திரும்ப அளக்கச் சொன்னோம். பெரும்பாலானதுல வித்தியாசம் பொருட்டா இல்ல. அந்த டாக்டரம்மா சந்தேகப்பட்டதால அவங்க ரிப்போர்ட்ல கையெழுத்தே போடல. ஆனா வேற ஒரு சென்டர்ல, ஒரு வயசானவரு, அளவு கூடக் காட்டுதுன்னு இன்னொரு ஸ்கேனுக்காக மலைல இருந்து பஸ் ஏறி இறங்கி வந்துட்டுப் போயிருக்காரு. ஒரு நாள் கூலி, பஸ் காசு, ராத்திரித் தூக்கம். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, அது சட்டம். கம்பெனி அந்த ஸ்கேன் செலவைக் கொடுத்துருச்சுன்னு சொன்னாங்க.

சாயங்காலம் அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணுச்சு. மெயிலைப் படிச்சேன்னுச்சு. டி-கேஷ் பத்தி ரெண்டு கேள்வி கேட்டுச்சு, நல்ல கேள்விகள். அந்த வரிசை எண்ணை ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல கேட்டா என்ன ஆகும்னு கேட்டப்ப நான் கொஞ்சம் முழிச்சேன். அதுக்கு அதுவே ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருந்துச்சு, சேத்தாச்சு.

பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அண்ணா, வெள்ளிக்கிழமை மீட்டிங்லயே உங்க ஃபைலுன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னுச்சு.

"தெரியும்மா."

லைன்ல ஒரு சத்தமும் இல்ல. கட் ஆயிருச்சோன்னு ஃபோனைக் காதுல இருந்து எடுத்துப் பாத்தேன்.

"சரிண்ணா. அங்க சாரல் விழுதா?"ன்னு கேட்டுச்சு.

"விழுது"ன்னேன்.